ஆற்றுக்கு இஞ்சால ஒரு சட்டம்

துவக்குத் துடைக்க உட்கார்ந்தால் விக்னராஜா முதலில் பல்கனிக் கதவை அகலத் திறந்து வைப்பார். காற்றுக்காம். எதிர்ப் பிளாட்டில் உடுப்புக் காயப்போடும் கிரேக்கப் பெண்மணி ஒருமுறையாவது திரும்பிப் பார்க்காவிட்டால் அவருக்குத் துடைத்த மாதிரி இராது. மனைவி சந்திரவதனா தையல் மெஷினுக்கென்று வாங்கி வைத்த எண்ணெய் குழலுக்குள் போகும். அவளுடைய பழைய சீலைக் கிழிசல் அதன் பின்னாலே போகும். பிறகு ஒற்றைக் கண்ணை மூடி, குழலை சிட்னி ஹோம்புஷ் ரயில் பாதைப் பக்கம் நீட்டி, "யானை எண்டாலும் ஒரு வெடிதான்" என்பார். மெல்பேர்ணில் லைசென்ஸ் எடுத்து வாங்கிய, முயல் சுடுகிற துவக்கு அது. அங்கே இருந்த காலத்தில் கூட்டாளி இத்தாலியன் சுட்ட முயலைக் காதில் பிடித்துத் தூக்கிக்கொண்டு படம் எடுத்ததுதான் அவருடைய வேட்டை.

ஐம்பதை நெருங்குகிற மனிதர். டயர்க் கம்பனி ஒன்றின் ஸ்டோரில் வேலை. வீட்டுக்கு வருகிறவர்களிடம், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் தான் சின்னத்துரையாக இருந்ததாகச் சொல்வார். தோட்டத்தில் இருந்தது உண்மை. கந்தோரில், கிளாக்கராக. அங்கே துவக்கு பெரியதுரையுடையது, துரை பன்றி வேட்டைக்குப் போகும்போது தேத்தண்ணிப் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவர் விக்னராஜா. சிட்னியில் இதை அறிந்த ஒரே ஆள் சந்திரவதனா. அவள் அதே தோட்டத்து ஆஸ்பத்திரியில் நேர்ஸாக இருந்தவள். யாரும் அவளிடம் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருடம் மெல்பேர்ணுக்கு வந்தார்கள். எழுபத்தேழில் சிட்னிக்கு மாறினார்கள். மாறிய கையோடு சந்திரவதனா நேர்ஸ்மாரைப் பதியும் கந்தோருக்குப் போய், மெல்பேர்ண் பதிவு இங்கே செல்லாது என்றதும், வரிசையில் நின்று புதிதாகப் பதிந்துகொண்டாள். விக்னராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "ஸ்ரேட் மாறினால் உமக்கு ஊசி போடுற கையும் மாறுமோ, வதனா?" கார் நம்பர் பிளேட்டை மட்டும் உடனே மாற்றினார். அது ரோட்டில் போகிறவர் கண்ணில் படுகிற விஷயம்.

துவக்கு விஷயத்தை எடுத்தவர் சிறிதரன். கீழ்மாடியில் குடியிருக்கிற ரயில்வே உத்தியோகத்தர், அவரும் முன்பு மெல்பேர்ணிலிருந்து வந்தவர்தான். ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"அண்ணை, எல்லை ஆத்திலை அல்பரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரேட் வேறை, சட்டமும் வேறை. உங்கட மெல்பேர்ண் லைசென்ஸ் இஞ்ச வெறுங் கடதாசி. பொலிசுக்குப் போய்ப் புதுசா எடுக்கோணும். எடுத்தாலும் ரவை போட்டபடி காரிலை கொண்டு திரியேலாது."

"ஒரே ராணி, ஒரே காசு, ஒரே முத்திரை," என்றார் விக்னராஜா. "துவக்குக்கு மட்டும் ஆத்துக்கு அங்கால ஒரு சட்டம், இஞ்சால ஒரு சட்டமோ? தம்பி, நீர் ரயிலைப் பாரும். நான் துவக்கோடை வளந்தவன்."

பிளாஸ்கோடு வளர்ந்தவர் என்று சந்திரவதனா மனதுக்குள் திருத்திக்கொண்டு குசினிக்குள் போனாள்.

அன்றிலிருந்து வீம்புக்கென்றே துவக்கு காரின் பின் சீற்றில் ஏறியது. சிட்னி கள்ளர் ஊராம். மேலே ஒரு கட்டம் போட்ட கம்பளி. அது குழலை முழுதாக மூடாதபடி பார்த்துக்கொள்வார். மூடிவிட்டால் ஆர் காண்பது? ஒரு சனிக்கிழமை காய்கறிப் பையை உள்ளே வைக்கப் போன சந்திரவதனா, அவர் ரவை போடுவதைக் கண்டாள்.

"இஞ்சருங்கோ, என்ன விசர் வேலை இது? சிறி அவ்வளவு சொன்னது காதிலை விழேல்லையோ?"

"ரவை போடாத துவக்கும் உலக்கையும் ஒண்டு. நீர் பேசாமல் ஏறும்."

அவள் ஏறினாள். ஊரிலிருக்கும் தங்கை நாகேஸ்வரியை அவுஸ்திரேலியாவுக்குக் கூப்பிடுவதற்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். பொறுப்பு நிற்பது அவள் பெயரில். பொலிஸ், வழக்கு என்று அந்தப் பெயரில் ஒரு கறை பட்டால் தங்கை அங்கேயே கிடக்க வேண்டியதுதான். இதை இரண்டுமுறை சொல்லிப் பார்த்தாள். "பொலிசுக்கு வேறை வேலையில்லையோ?" என்றார்.

பொலிசுக்கு அன்று வேறு வேலை இருக்கவில்லை. பரமற்றா ரோட்டுப் பெற்றோல் செட்டில் பின் கண்ணாடியைத் துடைத்த பெடியன் கம்பளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழலைக் கண்டான். துணியை அப்படியே போட்டுவிட்டு உள்ளே ஓடிப் போன் அடித்தான். விக்னராஜா மிச்சக் காசுக்காகக் காத்து நின்றார். வந்தது இரண்டு பொலிஸ்காரர்கள்.

சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து, மந்திரிக்கு மனுக் கொடுப்பவர்போல இரு கையாலும் நீட்டினார். வயதான சார்ஜன்ட் அதை முன்னும் பின்னும் பார்த்தார். "இது மெல்பேர்ணுடையது. இங்கேயுள்ளது எங்கே?"

ஒரே ராணி என்ற வார்த்தை அந்த நேரம் பார்த்து எங்கோ ஒளித்துக்கொண்டது. சார்ஜன்ட் மறுபடி, "துவக்கு யாருடையது?" என்று கேட்டார்.

விக்னராஜா மனைவியைப் பார்த்தார். பிறகு சார்ஜன்ட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"ஃபார் மை வைஃப், சார். ஷி இஸ் எ வெரி நெர்வஸ் வுமன், சார். ஷி ஒன்லி இன்சிஸ்டட், சார்."

சந்திரவதனாவுக்கு முதலில் விளங்கவில்லை. சார்ஜன்ட் தன் பக்கம் திரும்பி, "உங்கள் பெயர், அம்மா?" என்று கேட்டபோதுதான், அவர் துவக்கைத் தன் தலையில் கட்டிவிட்டது உறைத்தது. இத்தனை வருடம் ஒரு பொய்யைக் கட்டிக் காத்ததற்கு இது சம்பளம். எத்தனை வீட்டில், எத்தனை கதிரையில் இருந்து அந்தச் சின்னத்துரைக் கதையை முகம் மாறாமல் கேட்டிருப்பாள்! அவளுக்குக் கோபங்கூட வரவில்லை. சேற்றில் மிதித்த காலைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள். வார்ட்டில் டொக்டருக்கு நோயாளியின் நிலைமை சொல்லும் குரல் தானாக வந்தது.

"துவக்கு அவருடையது. லைசென்ஸில் இருப்பதும் அவருடைய பெயர். நான் அதைத் தொட்டதே இல்லை. கவனமாக எடுங்கள், உள்ளே ரவை இருக்கிறது."

இளையவன் சட்டென்று பின்வாங்கினான். சார்ஜன்ட் கதவைத் திறந்து, குழலை நிலத்துப் பக்கம் சரித்துத் துவக்கை எடுத்துத் திறந்தார். ரவை சீமெந்துத் தரையில் விழுந்து உருண்டது. "வதனா," என்றார் விக்னராஜா, தமிழில், கெஞ்சுகிற குரலில். அவள் காய்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் தரிப்பை நோக்கி நடந்தாள்.

நீதவான் கோட்டில் அபராதம் போட்டுத் துவக்கைப் பறிமுதல் செய்தார்கள். சந்திரவதனாவின் பெயர் எங்கும் எழுதப்படவில்லை. அடுத்த வருடம் நாகேஸ்வரி வந்து சேர்ந்தாள். விக்னராஜா கொஞ்ச நாள் அடங்கியிருந்தார். பிறகு வாய் திரும்பி வந்தது. "நாட்டுச் சட்டத்தை மதிச்சு நானாப் போய் ஒப்படைச்சனான்" என்று கண்டவர்களுக்கெல்லாம் சொன்னார். சார்ஜன்ட் தன்னுடைய கையைக் குலுக்கியதாகவும் சேர்த்துக்கொண்டார்.

போன மாதம் சிறிதரன் வீட்டில் ஒரு விருந்து. மெல்பேர்ணிலிருந்து புதிதாக மாறி வந்த ஈஸ்வரமூர்த்தி என்ற கோயம்புத்தூர்க்காரர், துவக்குப் பற்றி விஷயம் தெரிந்தவர் விக்னராஜாதான் என்று யாரோ சொல்லக் கேட்டு, பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"சார், எங்கிட்ட மெல்போர்ன் லைசென்ஸ் இருக்கு. ரைஃபிளை இங்க கொண்டு வந்துட்டேன். அதே லைசென்ஸ் இங்க செல்லுமா, இல்ல புதுசா எடுக்கணுமா?"

சபை திரும்பியது. விக்னராஜா நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, வாயைத் திறந்தார். திறந்த வாயோடு மனைவியின் பக்கம் திரும்பினார். சந்திரவதனா தோடம்பழம் ஒன்றை உரித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே ஒரு சுளையைப் பிரித்து, நாரை நிதானமாக எடுத்துவிட்டு, தன் வாயில் போட்டுக்கொண்டாள்.