கரிவலம் வரைக்கும் லடாக்

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். புது பைக்கின் மீட்டரோடு செல்போனை இணைத்து வழி பார்க்கக் கற்றுக்கொள்ளவே ஒரு மாதம் ஆனது. ஞாயிறுதோறும் லடாக்குக்கு வழி போட்டுச் சங்கரன்கோவிலிலிருந்து கிளம்புவேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கரிவலம்வந்தநல்லூர் வந்ததும் பயம் பிடித்துக்கொள்ளும். ஆளில்லாத மலையில் டயர் பஞ்சரானால்? போலீஸ்காரர் இந்தியில் ஏதாவது கேட்டால்?

அங்கே டீக்கடைக்காரர் சிரிப்பார். “என்ன வே, லடாக்குல குளிரு எப்படி?”

“அடுத்த வாரம் போய்ப் பாத்துட்டுச் சொல்லுதேன் அண்ணாச்சி.”

“போன வாரமும் இதத்தான வே சொன்னீரு!”

டீயைக் குடித்துவிட்டு வண்டியை ஊருக்குத் திருப்புவேன். வடக்கே திரும்பச் சொல்லி மீட்டரில் அம்புக்குறி வளைந்து வளைந்து காட்டும். அதை அணைக்க மனம் வராது. வீடு சீக்கிரம் வந்துவிடக் கூடாதே என்று மெதுவாகவே ஓட்டுவேன்.