அத்தான் கரைக்கு வரும்வரை மூடிவைத்த கதை

இந்த ஓகஸ்டில் திருகோணமலை போனது அக்காவைப் பார்க்க. பெரியம்மாவின் மகள், திருக்கடலூரில் இருக்கிறார். பெட்டியில் ஒரு நோர்வேச் சிறுவர் புத்தகமும் இருந்தது. நோர்வேயில் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாசித்த ஸ்கண்டிநேவியக் கதைகளை இந்த வருடம் திரும்ப வாசிக்கிறேன். அந்தப் பிள்ளைகள் கூரையில் ஏறுவதும் தனியாகத் தோணி விடுவதும் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம்! இன்றைக்கு அந்தப் பக்கங்களை வேகமாகப் புரட்டிவிடுகிறேன். வீட்டில் பெரிய ஆட்கள் ஒருவரும் இல்லையா? நான் சும்மாவே பயந்தாங்கொள்ளி.

கொண்டுபோன புத்தகத்தில் ஒரு தீவு, ஒரு சிறுமி, மீன்பிடிக்கிற அப்பா, ஒரு ஆடு. எனக்கு ஆடு மட்டும்தான் ஞாபகம். அக்காவின் மகள் மதுராவுக்கு ஏழு வயது, ஆடென்றால் உயிர். திரும்ப வாசித்துப் பார்க்காமலே பெட்டியில் வைத்துவிட்டேன்.

கொழும்பிலிருந்து பஸ்ஸில் ஏழு மணித்தியாலம். பஸ் நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீற்றர்கூட வராது; ஓட்டோக்காரர் நானூறு கேட்டு முந்நூறுக்கு வந்தார். மேற்கே இருந்து வீசும் கச்சான் காற்று மீன்பிடிப் போட்டுகளைக் கடல்பக்கம் தள்ளுகிறதாம், எல்லாம் சுணங்கித்தான் கரைக்கு வருகிறதாம். கேட்காமலே சொன்னார். அக்காவின் கணவர், என் அத்தான், கடலுக்குப் போகிறவர்; அன்றிரவு எனக்கு நித்திரை போய்விட்டது.

நான் வந்த அன்றே பின்னேரம் அத்தான் வலைக்குப் போனவர். வழக்கமாகக் காலை ஏழு மணிக்குள் வந்துவிடுவார். மறுநாள் எட்டரையாகியும் காணவில்லை, போனும் வேலை செய்யவில்லை. இஞ்சின் பழுதாகியிருக்கும் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அக்கா குசினியில் தேங்காய் திருவினார். மூன்றாவது தேங்காயையும் எடுத்தார். வீட்டில் இருந்ததே நாங்கள் மூன்று பேர்.

அந்த நேரம் பார்த்து மதுரா புத்தகத்தோடு வந்தாள். பிள்ளைக்குப் பராக்காக இருக்கட்டும் என்று தமிழாக்கிச் சொல்லத் தொடங்கினேன். ஐந்தாம் பக்கத்தில் அப்பாவின் தோணி புயலில் மாட்டியது. அடுத்த பக்கத்தில் கண் விழுந்ததும் வாசிப்பதை நிறுத்தினேன். அந்த அப்பா திரும்பி வரவே மாட்டார். முப்பது வருடமாக இது எனக்கு எப்படி மறந்தது?

விடியவே அப்பா பெரிய மீனோடு வந்துவிட்டார் என்று அளந்துவிட்டேன். மதுரா படத்தில் விரலை வைத்தாள். கரையில் விளக்கோடு அம்மா, பக்கத்தில் சிறுமி, ஆடு.

“அப்ப அப்பா எங்க, சித்தி?”

ஆட்டுக்குப் புல் வெட்டப் போயிருக்கிறார் என்றேன். குசினியில் தேங்காய் திருவும் சத்தம் நின்றது. மதுரா என்னையே பார்த்துவிட்டுப் புத்தகத்தை மூடினாள்.

“அப்பா வந்தாப்பிறகு சரியா வாசியுங்கோ.”

பத்தரைக்கு அத்தான் வந்தார். இஞ்சின் நின்று, இன்னொரு போட்டு கட்டி இழுத்து வந்ததாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சாப்பிட உட்கார்ந்ததும் புத்தகம் என் மடிக்கு வந்தது. ஒரு சொல்லும் மாற்றாமல் வாசித்தேன். அத்தான் சோற்றுக் கையோடு முழுவதும் கேட்டார்.

“துணைக்கு வேற தோணி ஒண்டும் போகேல்லையோ?”

பக்கங்களைத் திரும்பப் புரட்டினேன். இல்லை. சின்னவளாக நான் அந்த ஆட்டைத்தான் பார்த்திருக்கிறேன். விளக்கோடு நின்ற அம்மாவை இப்போதுதான் பார்க்கிறேன்.

போகிறவர்களுக்கு: ஓட்டோ ஏறமுன் விலை பேசுங்கள். கச்சான் காலத்தில் போட்டுச் சவாரி என்றால் காற்றை விசாரித்துவிட்டு ஏறுங்கள். பிள்ளைகளுக்குக் கலர் பென்சில் நல்லது. கதைப் புத்தகமென்றால் கடைசிப் பக்கம்வரை நீங்கள் முதலில் வாசியுங்கள்.

வெளிக்கிடும் அன்று அக்கா புத்தகத்தைப் பேப்பரில் சுற்றி என் கையில் தந்தார். பின்னேரம் அத்தான் கடலுக்கு இறங்கும் நேரம் பார்த்து மதுரா அதைத் தூக்கிக்கொண்டு வருகிறாளாம்.

“நீ இதைக் கொண்டு போ. ஆட்டுக்கதை வேற இருந்தா அனுப்பு. தகப்பன் கடலுக்குப் போகாத கதையாப் பார்த்து அனுப்பு.”