பெரியம்மாவின் மற்றப் பக்கம்

பத்து வயதில் நான் ஒரு முட்டாள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்களாகக் கண்டுபிடித்தால் இன்னும் வெட்கமாக இருக்கும். சாதாரண முட்டாளென்றால் பரவாயில்லை, ஜெர்மன் வாசிக்கத் தெரிந்த முட்டாள். அந்த வகை கொஞ்சம் ஆபத்தானது.

ஜெர்மனியில், வுப்பர்டால் நகரத்தில், எங்கள் மூன்றாம் மாடி வீட்டுக்குக் கடிதம் வாசிக்கும் அதிகாரி நான்தான். அரசாங்க அலுவலகத்திலிருந்து, எங்கள் வாயில் அது ஆம்ட், எது வந்தாலும் பெரியவர்கள் என் முன்னால் வைத்துவிட்டுத் தீர்ப்புக்குக் காத்திருப்பதுபோல நிற்பார்கள். நான் தொண்டையைச் செருமி, விளங்காத சொற்களைத் தாண்டிக் குதித்து, "செவ்வாய்க்கிழமை சந்திக்கத் தெர்மீனாம், பாஸ்போட்டோடை வரட்டாம்" என்பேன். தமிழோ எனக்குத் தூரத்துச் சொந்தம். தமிழ்ப் பள்ளிக்கூடம் சனிக்கிழமை. என் வயிற்றுவலியும் சனிக்கிழமை.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, எங்களோடு இருந்தார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. மாதமொருமுறை தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசைக்குப் பாட்டுக் கட்டுவதும் அவர்தான். பாடற்குழுவுக்குக் கொடுத்தது ஐந்தாறுதான். அவற்றையும் ஊரிலிருந்து வந்த பழைய பாட்டுகள் என்றே சனம் நினைத்தது; அவரும் திருத்தமாட்டார். எழுதுவதெல்லாம் அகதி விண்ணப்பக் காலத்து ஆம்ட் கடிதங்களின் முதுகில். "ஒரு பக்கத்திலை அவை ஏலாதெண்டு எழுதிப்போட்டினம். மற்றப் பக்கம் சும்மாதானே கிடக்கு" என்று அம்மாவிடம் சொல்லிச் சிரிப்பாராம். இதெல்லாம் எனக்குப் பின்னாளில்தான் தெரியும்.

அந்த மார்கழி மாதா திருநாளுக்கு நாலு சரணத்தில் புதுப் பாட்டு ஆயத்தமாக இருந்தது. இதுவரை எழுதிய எல்லாவற்றையும், பெரியம்மாவின் பெயரோடு, சிறு புத்தகமாக அச்சடிக்கத் தரும்படி சுவாமியார் கேட்டிருந்தார். தாள்களையெல்லாம் ஒரு பையில் சேர்த்துக் கதவடியில் வைத்திருந்தார் பெரியம்மா.

நான் கண்டது பை நிறையப் பழைய கடிதங்கள். முந்தின வாரம்தான் என் ஜெர்மன் கூட்டாளியின் அப்பா கடிதங்களைத் திகதிப்படி கோப்பில் அடுக்கி, காலம் போனவற்றை எறிவதைக் கண்டு மயங்கியிருந்தேன். எங்கள் வீடும் திருந்த வேண்டாமா? ஒவ்வொன்றாகத் திகதி பார்த்தேன். பெரும்பாலானவை எனக்கு மூத்தவை. பின்பக்கம் பென்சிலில் ஏதோ தமிழ். சாமான் பட்டியல் என்று தீர்ப்பளித்தேன். கீழே கொண்டுபோய்க் காகிதக் குப்பைக்கான நீலத் தொட்டியில் கவிழ்த்தேன். மறுநாள் காலை லொறி வந்து போனது.

அன்று பின்னேரம் பெரியம்மா வேலையால் வந்து பையைத் தேடினார்.

"எல்லாம் திகதி முடிஞ்ச கடிதங்கள், பெரியம்மா. ஒவ்வொண்டாப் பாத்துத்தான் எறிஞ்சனான்."

"மற்றப் பக்கம் பாத்தனியோ?"

"அதிலை ஆம்டின்ரை முத்திரை ஒண்டும் இல்லையே."

கழற்றிய சப்பாத்தைத் திரும்பக் கொழுவிக்கொண்டு அவர் கீழே இறங்கினார். நானும் பின்னால் போனேன். தொட்டிக்குள் ஒரேயொரு பீட்சாப் பெட்டி கிடந்தது. அதை எடுத்து, திறந்து பார்த்து, இருந்த இடத்திலேயே வைத்தார்.

திருநாளன்று, அவருக்கு முழுதாக நினைவில் நின்ற முதல் சரணத்தை மட்டும் பாடற்குழு நாலு தரம் பாடியது. பனியில் வெறுங்காலோடு நிற்கும் மாதாவிடம், என் சப்பாத்தைப் போட்டுக்கொள்ளும் என்று சொல்கிற சரணம். பாடமாக்க லேசான பாட்டென்று எல்லோரும் பாராட்டினார்கள். இன்றும் அங்கே அதை ஒற்றைச் சரணத்தோடுதான் பாடுகிறார்கள், யாருடையது என்று தெரியாமல். புத்தகம் வரவில்லை. பெரியம்மா பிறகு எழுதவுமில்லை. நான் வளர்ந்து, ஓர் அலுவலகத்தில் பழைய கோப்புகளைப் பாதுகாக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். என்னைத் தெரிவு செய்தவர்கள் எங்கள் வீட்டில் விசாரிக்கவில்லை. முப்பது வயதில் ஒருவாறு தமிழ் வாசிக்கப் பழகியபோது, வாசித்துக் காட்டப் பெரியம்மா இல்லை.

அன்று தொட்டியடியில் அவர் ஏன் அழுதார் என்று எனக்கு விளங்கவேயில்லை. கடிதங்கள் தொலைந்ததால் நாட்டைவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். எங்கள் வீட்டில் பெரியவர்கள் வேறெதற்கும் அழுது நான் கண்டதில்லை. ஆகவே, என் பதவிக்குரிய பொறுப்போடு தைரியம் சொன்னேன்.

"அழாதேங்கோ பெரியம்மா. நான் ஆம்டுக்கு எழுதிக் கேக்கிறன். எல்லாத்துக்கும் அவையிட்டைக் கொப்பி இருக்கும்."

பெரியம்மா தொட்டியின் மூடியைச் சாத்தினார்.

"அவையிட்டை இல்லையடா."