வாதத்தில் தோற்காத ஞானசேகரன்

செவ்வாய்க்கிழமை காலை, ஆவடியில் பாக்டரி கேட்டுக்கு வெளியே சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தேன். கேண்டீன் மணி ஓடிவந்தார். "சார், விசயம் தெரியுமா? ஞானம் சார் பூட்டாரு. காலைல டீ குட்ச்சிகினு இருந்தாராம், அப்டியே சாஞ்சிட்டாராம்." எனக்கு அழுகை வரவில்லை. கடைசியில் ஒருவழியாக யாரிடமோ தோற்றுவிட்டார் என்றுதான் முதலில் தோன்றியது. இப்படியா தோன்றும் என்று அன்று முழுக்க என்மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஞானசேகரன் தனிக்கட்டை. கும்பகோணத்திலிருந்து தம்பி வந்து உடலை ஊருக்குக் கொண்டுபோய்விட்டார். நம் பேரவைச் செயலாளர் என்னிடம் வந்து, "நீங்கதான் அவருக்கு நெருக்கம். நல்லதா நாலு வார்த்தை எழுதிக் கொடுங்க, கூட்டத்துல வாசிச்சிடலாம்" என்றார். நண்பர்களே, நல்ல வார்த்தையை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள் இப்போதே எழுந்து டீ குடிக்கப் போகலாம். அந்த மனிதரைப் பற்றி இனிப்பாக எழுதினால் அவரே எழுந்து வந்து மறுத்துப் பேசுவார்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். குவார்ட்டர்ஸ் படிப்பகத்தில் ஞாயிறு காலை பத்து மணிக்கு உலக விவகாரப் பேரவை கூடும். ஒரு தலைப்பு, இரண்டு பேச்சாளர்கள், கடைசியில் கைதூக்கி ஓட்டு. இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் வேலை பார்த்த ஞானம் பதினைந்து வருடம் அங்கே பேசினார், ஒரு முறைகூடத் தோற்கவில்லை. சிற்றலை ரேடியோவில் நான்கு நாட்டுச் செய்தியும் கேட்பார். சிமெண்ட் தரையில் சாக்பீஸால் ஐரோப்பாவை மளமளவென்று வரைவார். "ருமேனியா மேல செருப்போட நிக்காதீங்க சார்" என்று அதட்டுவார். பெர்லின் சுவர் விழுந்த வாரம், இரண்டு ஜெர்மனிக்கும் நடுவில் தான் போட்டிருந்த கோட்டைத் தானே காலால் தேய்த்து அழித்தார். அரக்கோணத்துக்கு அந்தப் பக்கம் வடக்கே ரயிலேறிப் போகாத மனிதர் அவர்.

வளைகுடாப் போர் முடிந்த சமயம். டாங்க் செய்து வயிறு வளர்க்கும் இந்த ஊரில், "டாங்கின் காலம் முடிந்துவிட்டது" என்று தலைப்பு வைத்தார். எதிர்த்துப் பேச வந்தவர் ஒரு ரிட்டயர்டு சுபேதார். சண்டையில் டாங்க் ஓட்டி, தொடையில் குண்டுச் சில்லோடு திரும்பியவர். ஞானம் அவரிடம் அமைதியாகக் கேட்டார்: "உள்ள உக்காந்திருந்தப்ப மேல ஆகாயம் தெரிஞ்சுதா சார்?" தெரியவில்லை என்றார் சுபேதார். "இப்ப அடி அங்கிருந்துதான் வருது. நாம செய்யறது வண்டி இல்ல, பூட்டு வெச்ச சவப்பெட்டி. உங்களுக்கு அதிர்ஷ்டம், பழைய காலத்துல ஓட்டினீங்க." கை ஓட்டில் ஞானம் ஜெயித்தார். காலை இழுத்து இழுத்து நடந்து போன அந்தப் பெரியவர் அதற்குப் பிறகு படிப்பகம் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. நாம் எல்லாரும் அன்று கைதட்டினோம், மறந்துவிட வேண்டாம்.

இனி ஏகாம்பரம். வெல்டர். அப்பா அம்மா திருமழிசையில் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். பாக்டரிக்கு வந்த ருஷ்ய நிபுணர்கள் தன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்பதை அவரால் மறக்க முடியவில்லை. "எங்க ஊர்ல தண்ணிகூட தூக்கித்தான் ஊத்துவானுங்க. அந்த வெள்ளக்காரன் என் டிபன் பாக்ஸ்ல கைய வுட்டு எடுத்துத் துன்னான் நைனா" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிடும். அன்றிலிருந்து சோவியத் நாடு அவருக்குச் சொந்த வீடு. மகளுக்கு நடாஷா என்று பெயர் வைத்தார். அவர் மனைவி கன்னியம்மாவுக்கு அது வாயில் நுழையாது, 'நட்சு' என்றுதான் கூப்பிடுவார். ஞாயிறுதோறும் ஏகாம்பரம் சோவியத்துக்காகப் பேசி ஞானத்திடம் மூக்கு உடைபடுவார். மறு ஞாயிறு சிரித்துக்கொண்டே முதல் ஆளாக வந்து உட்காருவார். "அது வுயாது மாமே. எல்லாம் வுய்ந்தாலும் அது நிக்கும்" என்பார்.

தொண்ணூற்றொன்று டிசம்பர் கடைசியில் அது விழுந்தது. ஏகாம்பரம் அந்த வாரம் பேரவைக்கு வரவில்லை. ஞானத்துக்குப் பொறுக்கவில்லை. "துக்கத்துல இருக்கார். நாம முறையா துக்கம் கொண்டாடணும்" என்றவர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கலாம் என்றார். வாசகத்தை எழுதியது நான். ஆமாம், நான்தான். "எங்கள் அருமைத் தந்தையார் சோவியத் ஒன்றியம் அவர்கள் நீண்ட நாள் நோயால் காலமானார். இங்ஙனம், ஆறாத் துயரில் வாடும் அன்பு மகன் ஏகாம்பரம், வெல்டர்." எழுதிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன்.

ஆயுத பூஜைக்கு எடுத்த குரூப் போட்டோவிலிருந்து ஏகாம்பரத்தின் முகத்தை மட்டும் வெட்டி அச்சுக்கு பிளாக் செய்தோம். பூந்தமல்லியில் அச்சகக்காரர் தலையைச் சொறிந்தார். "பிளாக்கு பெர்சா பூட்ச்சி சார். கீய பேரு பக்கத்துல நிக்காது. சாவு போஸ்டர்ல படம் நடுவுல தான் வரும், அந்த எடத்துல வெச்சிடட்டா?" நான் கொஞ்சம் தயங்கினேன். "ஏகாம்பரமே செத்த மாதிரி இருக்குமே" என்றேன். "படிக்கிறவனுக்கு அப்படி இருக்காது" என்றார் ஞானம். கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ராணுவத்தில் இருந்த தம்பியிடமிருந்து கடிதம் வந்து, ஏகாம்பரத்துக்கு மாலை ஷிப்டாக இருந்தால், படிப்பகத்துக்கு எடுத்துக்கொண்டு வருவார். அதைப் படித்துச் சொல்வது ஞானம்தான், பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நான். இரண்டு பேருக்கும் தெரியும். வாயை மூடிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஜனவரி முதல் வாரம் போஸ்டர் ஒட்டினார்கள். அன்று காலை கன்னியம்மா குழந்தையோடு திருமழிசையில் தாய்வீட்டுக்குப் போயிருந்தார். மதியம் ஆவடி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், எதிர்ச் சுவரில் வரிசையாக ஐந்து போஸ்டர். கறுப்பு பார்டர், நடுவில் புருஷன் முகம். அந்தச் சுவரிலேயே இரண்டு கையையும் மோதி வளையலை உடைத்திருக்கிறார். மணிக்கட்டு கிழிந்து ரத்தம். பார்த்தவர்கள் சொன்னது: "'காலைல சோறு கட்டிக் குட்த்தேனே, காலைல சோறு கட்டிக் குட்த்தேனே'ன்னு அத்தயே சொல்லிகினு ஓடிச்சி சார்."

பாக்டரி கேட்டில் காவலர்கள் உள்ளே விடவில்லை. ஷிப்ட் முடியாமல் உள்ளே தகவல் அனுப்ப முடியாது, சட்டம் அப்படி. போஸ்டரைப் படித்த ஒருவர், "அது சும்மா வெளாட்டும்மா" என்று சொல்லிப் பார்த்தாராம். "ஊரெல்லாம் ஒட்டிட்டு வெளாட்டுன்றியா? எவனாவது சாவுல வெளாடுவானா?" என்று கன்னியம்மா அவர் சட்டையைப் பிடித்திருக்கிறார். இரண்டு மணி நேரம் கேட்டுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். பக்கத்தில் இருந்த குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தது யாரோ ஒரு பூக்காரி.

சங்கு ஊதியது. ஆயிரம் சைக்கிளுக்கு நடுவில் காலி டிபன் பாக்ஸோடு ஏகாம்பரம் வெளியே வந்தார். இரண்டு சைக்கிள் தள்ளி நான் நின்றிருந்தேன். கன்னியம்மா அவரைப் பார்த்துச் சந்தோஷப்படவில்லை. "நீ செத்துட்டியே! நீ செத்துட்டியே!" என்று கத்திக்கொண்டு அவர் மார்பில் மாறி மாறி அடித்தார். காக்கிச் சட்டையெல்லாம் ரத்தம். அதே நேரம், யார் மூலமோ செய்தி எட்டி, திருமழிசையிலிருந்து உறவுக்காரர்கள் மாலையும் மேளமுமாக ஒரு டெம்போவில் வந்து இறங்கினார்கள். ஒரு பெரியவர் நேராக ஏகாம்பரத்திடமே வந்து, "பொணத்த எங்க வெச்சிகீறாங்க?" என்று கேட்டார். கண் சரியாகத் தெரியாதவர். நான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அடுத்த கேட் வழியாக நழுவிவிட்டேன்.

அந்த ஞாயிறு ஏகாம்பரம் படிப்பகத்துக்கு வந்தார். "என் பொண்டாட்டிகிட்ட வந்து மன்னிப்புக் கேளு. வேற ஒண்ணும் வோணாம்" என்றார். ஞானம், "கேக்கணுமா வேண்டாமான்னு பேரவை முடிவு பண்ணட்டும்" என்றார். இப்படியும் ஒரு மனுஷன்! ஏகாம்பரம் முதலில் பேசினார். "அவ கை அறுந்து பூட்ச்சி. ராத்திரில எயிந்து எயிந்து என் மூக்குல கைய வெச்சிப் பாக்கறா. அவ்ளோ தான் என் பாயிண்டு." உட்கார்ந்துவிட்டார். கன்னியம்மா கையில் கட்டோடு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே நின்றிருந்தார்.

ஞானம் எழுந்தார். குரல் உயரவில்லை. "போஸ்டர்ல ஒரு எழுத்தும் பொய் இல்ல. படிச்சிருந்தா சிரிச்சிருப்பாங்க. படிக்காத குத்தம் யாருது? கோடிக்கணக்கான கூலிக்காரங்களுக்கு எழுத்தறிவு குடுத்த நாடுன்னு இவர் இங்க பத்து வருஷமா பேசறார். வீட்ல ஒருத்திக்கு 'அ' சொல்லிக் குடுக்கல. மன்னிப்புக் கேக்க வேண்டிய ஆள் இங்கதான் இருக்கார், ஆனா அது நான் இல்ல." ஏகாம்பரம் தலை குனிந்திருந்தார். ஞானம் சொன்னது உண்மை. ஒரு உண்மையை எடுத்து இன்னொரு உண்மையின் கழுத்தை அறுக்கலாம் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

ஓட்டெடுப்பு. பத்தொன்பது பேர் இருந்தோம். ஞானத்துக்குப் பதினாறு கை. என் கையும் அதில் ஒன்று. வாதம் பிரமாதம் என்று நான் தூக்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டால் அடுத்து நானும் கேட்க வேண்டிவரும் என்றுதான் தூக்கினேன். ஜன்னலில் கன்னியம்மாவின் உதடு அசைந்தது. எழுதப் படிக்கத் தெரியாதே தவிர, அவருக்குக் கை எண்ணத் தெரியும். எண்ணி முடித்துவிட்டு, புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழைத்துக்கொண்டு போனார். ஏகாம்பரம் பிறகு எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்து நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகும் ஞானம் ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார். யுகோஸ்லாவியா உடைந்து, பாதுகாப்புப் பகுதி என்று சொல்லப்பட்ட ஊர்களிலேயே ஆட்களை அடித்துக் கொன்ற காலத்தில், "பாதுகாப்புப் பகுதின்னு வரைபடத்துல வட்டம் போட்டா, சுடறவனுக்கு வேலை மிச்சம்" என்றார். நான் அவரோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டேன். அந்தப் போஸ்டர் பேச்சு வரும்போதெல்லாம், "கல் மனசுய்யா அந்தாளுக்கு" என்று எல்லாரிடமும் சொன்னேன். வாசகம் எழுதியது யார் என்பதை மட்டும் சொல்லவில்லை. ஏழு வருடம் இப்படியே யோக்கியனாக ஓட்டினேன்.

செய்தி வந்த அன்று மாலை, பட்டாபிராமில் ஏகாம்பரம் கட்டியிருக்கும் வீட்டுக்குப் போனேன். ஒழிந்தான் என்ற சந்தோஷத்தை அவர் முகத்தில் பார்க்கலாம் என்றுதான் போனேன், மறைப்பானேன். அவர் ஷிப்டில் இருந்தார். கன்னியம்மா வாசலுக்கு வந்தார். சொன்னேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"போன மாசம் கூட வந்தாரே சார்" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கி நீங்கல்லாம் கை தூக்கிட்டு கலைஞ்சி பூட்டீங்க. சாயங்காலமே அவரு எங்க ஊட்டுக்கு வந்தாரு. எங்க ஊட்டுக்காரரு செவுத்துப் பக்கமா திரும்பிப் படுத்துகினு எயிந்தே வரல. இவரு என் கால்ல வுய்ந்தாரு. 'ஜெயிச்சதுக்குத்தான்மா மன்னிப்புக் கேக்க வந்தேன்'னாரு. முடியாதுன்னேன். அம்மாம் பேசற மன்சன், ஒரு வார்த்த பேசல. 'சரிம்மா'ன்னு எயிந்து பூட்டாரு. அப்பறம் வருசா வருசம் பொங்கலுக்கு முன்னாடி வருவாரு. மன்னிப்பியாம்மாம்பாரு. மாட்டேம்பேன். சரிம்மாம்பாரு."

"கடைசி வரைக்கும் நீங்க..."

"மாட்டேன்னு தான் சொன்னேன். இப்பவும் அத்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நட்சுக்கு பென்சிலு, நோட்டு வாங்கியாருவாரு. அதுக்கு வோணாம்னு சொல்லல."

ஏழு வருடமாக அவரைத் திட்டித் திட்டி நான் சுத்தமாக இருந்தேன். அவர் அந்த முதல் நாளைச் சேர்க்காமலே ஏழு தடவை இந்த வாசலில் தோற்றுவிட்டுப் போயிருக்கிறார். "அந்தப் போஸ்டரை எழுதினது நான்தான்மா. என்னை மன்னிச்சிடுங்க" என்றேன்.

"தெரியும் சார். எதிர்ல பாத்தாலே தலைய குனிஞ்சிகினு போவீங்களே" என்றார். "மொதோ நாளே வந்தவருக்கு இல்லன்னேன். அவரு செத்தப்பறம் வர்ற உங்களுக்கு இன்னாத்துக்கு?"

சரிம்மா என்று திரும்பி வந்திருக்க வேண்டும். என் வாய் சும்மா இருக்கவில்லை. "ஆனா ஒண்ணும்மா, படத்தை நடுவுல வைக்கச் சொன்னது..." என்று ஆரம்பித்தேன். கன்னியம்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

நண்பர்களே, ஞானத்திடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வாய்தான். வாதம் செய்வதை அவரிடமிருந்து நாம் எல்லாரும் கற்றுக்கொண்டோம். வாதம் செய்யாமல் திரும்பி வரவும் அவருக்குத் தெரிந்திருந்தது, அதை யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொண்டார். பொங்கலுக்கு முன்னால் நான் பட்டாபிராமுக்குப் போவேன். கன்னியம்மா மாட்டேன் என்பார். அன்று கை தூக்கியவர்களில் இன்னும் பதினொரு பேர் இந்தக் கூட்டத்தில் இருக்கிறீர்கள். யாராவது கூட வருவதானால் வாருங்கள், வந்து வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள்.