மாப்பிள்ளையின் இயர்போனும் என் இயர்போனும்

எடப்பாடியில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி ஓடும். அந்தச் சத்தத்துக்குள்ளேயே பிழைக்கிறவனுக்குப் பாட்டுப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். பட்டறைக்குள் நான் காதடைப்பான் வைத்துக்கொண்டுதான் நிற்பேன். காதைப் பத்திரப்படுத்தியதே பாட்டுக்காகத்தான்.

போன வருடம் ஆசை ஆசையாக ஒயர் வைத்த இயர்போன் ஒன்று வாங்கினேன். காதுக்குள் செருகுகிற வகை, விலை உயர்ந்தது. அதன் பேஸ், அந்தக் கனத்த அடிச்சத்தம், நெஞ்சுக்குள் இறங்கும். இதற்கு மேல் ஒன்று இருக்க முடியாது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தங்கச்சி வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வெளி மாநிலம் போய் வருகிறவர். இந்த விஷயத்தில் எனக்குச் சற்றும் குறையாத பைத்தியம். லீவில் வந்ததும் போன் அடித்தார்.

“மச்சான், நானும் ஒண்ணு வாங்கிட்டனுங்க. கேட்டீங்கன்னா உங்களுதக் கழட்டி வெச்சிருவீங்க.”

“கொண்டாங்க மாப்ளே, அதையும் பார்த்தரலாம்.”

மின்வாரியம் பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்துகிற நாளாகப் பார்த்து மாப்பிள்ளையும் தங்கச்சியும் வந்தார்கள். தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. இயர்போன் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல பகல் கிடைக்காது. தங்கச்சி சமையலறைக்குப் போனாள். நாங்கள் பட்டறையில் நூல் மூட்டைகள் மேல் உட்கார்ந்தோம்.

கேட்க எடுத்துக்கொண்டது மாரியம்மன் பண்டிகையில் நானே பதிவு செய்த உறுமி மேளம். சத்தம் கூடுதலாக இருந்தால் எதுவும் நன்றாகத்தான் கேட்கும் என்பதால், முதலில் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தோம். அவருடையதைக் காதில் வைத்தேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேளம் எங்கோ பக்கத்து ஊரில் அடிப்பது போல இருந்தது.

“என்னங்க மாப்ளே, தகர டப்பாவத் தட்டற மாதிரி இருக்குது? பேஸே காணோம்!”

“இருக்காதுங்களே! நல்லாக் கேளுங்க மச்சான்.”

“நல்லாத்தானுங்க கேக்கறேன்.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்கோ ஜெயித்துவிட்ட குஷி. காபி கொண்டுவந்த தங்கச்சி, எங்கள் சண்டையைப் பார்த்து, “குடுங்கண்ணா, நானும் கேக்கறேன்” என்று வாங்கி மாட்டினாள். மாட்டிய வேகத்தில் பிடுங்கி எறிந்தாள்.

“ஐயோ! தலைக்குள்ளயே அடிக்கறாங்கண்ணா!”

எனக்குப் புரியவில்லை. மறுபடி வாங்கி வைத்தேன். பழையபடி தகர டப்பாதான். அப்போது மாப்பிள்ளை என் காதையே உற்றுப் பார்த்தார். பிறகு துள்ளி எழுந்தார்.

“மச்சான், உங்க காது ஓட்டை பெருசுங்க! ரப்பர் சரியா அடைக்கல. பேஸெல்லாம் வெளிய ஓடீருது!”

பெட்டியைக் கவிழ்த்துப் பெரிய ரப்பர் முனைகளைத் தேடி எடுத்து மாட்டிக் கொடுத்தார். காதில் அழுத்தினேன். வெளிச் சத்தம் சட்டென்று அடங்கியது. மேளம் வந்தது.

அதை எப்படிச் சொல்வேன்! என் இயர்போனில் உறுமியும் பெரிய மேளமும் ஒன்றாகக் குழைந்து தொம் தொம்மென்று நிறைத்துக்கொண்டு வரும். அந்த நிறைவைத்தான் இத்தனை நாள் பேஸ் என்று கொண்டாடியிருக்கிறேன். இதிலோ அடி விழுந்தது, நின்றது. அடுத்த அடிக்கு முன்னால் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் உறுமியின் தோலை வளைகுச்சி தேய்த்து இழுக்கும் முனகல், மயிர்க்கூச்செறிய, முழுசாகக் கேட்டது. மேளக்காரர் ஒருவர் மூச்சு வாங்குவதுகூடக் காதில் விழுந்தது. நான் பதிவு செய்த மேளத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன் என்று தோன்றியது.

“மாப்ளே!” என்று கத்திவிட்டேன். காது அடைத்திருந்ததால் எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்று தெரியவில்லை. தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதன் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு உட்காருவோம். தங்கச்சி இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுத்துக் காதில் மாட்டுவாள். எது என்று சொல்ல வேண்டும். மேளத்தில் ஒரு தடவையும் நான் தவறவில்லை. பழைய பாட்டுகளுக்கு வந்தபோதுதான் தடுமாற்றம். பெண் குரல் ஒன்று ஒலித்ததும் மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இது என்னுதுதானுங்க மச்சான். குரல் எவ்வளவு பக்கத்துல நிக்குது பாருங்க!”

கண்ணைத் திறந்து பார்த்தால் என்னுடையது. அந்தக் கனத்த பேஸ், குரலுக்கு அடியில் மெத்தை விரித்தது போல ஒரு கதகதப்பைக் கொடுத்திருந்தது. அவர் திரும்பத் திரும்ப அதே பாட்டை வைத்துக் கேட்டார். காபி ஆறி ஆடை கட்டியது.

சாப்பிடும்போதும் இதே பேச்சுதான், இலையைப் பார்த்து நாங்கள் சாப்பிடவில்லை. கிளம்புகிற நேரத்தில் மாப்பிள்ளை மெதுவாகக் கேட்டார்.

“மச்சான், அடுத்த லீவு வரைக்கும் மாத்திக்கலாமுங்களா?”

நான் யோசிக்கவே இல்லை, என்னுடையதை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் வண்டி தெருமுனை திரும்புவதற்குள் பட்டறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் இருக்கிற பாட்டு அத்தனையையும் முதலிலிருந்து கேட்டாக வேண்டும்.