முன்பக்கம் யாருக்கு?

பதுளைக்கு அருகே, மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்திய காணியில் எங்கள் முதல் சொந்த வீட்டுக்குப் படம் வரைந்தோம். தேயிலைத் தோட்ட லயத்தின் ஒற்றை அறையில் விருந்தாளிகளை உட்கார வைக்க இடமின்றிக் கூசியவள் நான். அதனால் பாதையைப் பார்த்த முன்பக்கத்தை ஹாலுக்கு ஒதுக்கி, மகளின் அறையைப் பின்னால், வெட்டிய மண்மேட்டை ஒட்டிப் போட்டேன்.

"வருஷத்துக்கு ஒருக்கா வர்றவங்களுக்கு வெளிச்சம், தெனமும் படுக்குற எனக்கு மண்மேடாம்மா?" என்றாள் மகள்.

"ஒன்னைப் பொண்ணு பார்க்க வர்றவங்க பின்னாடியா உட்காருவாங்க?"

"மண்ணைப் பார்த்துக்கிட்டே பேசட்டும்."

கணவர் சிரித்துவிட்டார். அரை மனதோடு இரண்டையும் இடம் மாற்றினேன்.

குடிபோன பின் வந்த முதல் அடைமழையில், ஒரு விடியற்காலையில் மேடு சரிந்தது. ஹாலின் பின்சுவர் உடைந்து, புது சோபாக்கள் சேற்றில் புதைந்தன. முன்னறையில் உறங்கிய மகள் சத்தம் கேட்டு ஓடிவந்தாள். அவளை இறுகப் பிடித்துக்கொண்டு அழுதேன். கடவுளுக்கும் அவளுடைய பிடிவாதத்துக்கும் நன்றி சொல்லி எனக்குத் தீரவில்லை.

இன்றும் மழை வலுத்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விடுகிறோம். இடிந்த ஹாலைத் திரும்பக் கட்டாமல், மேட்டுப் பக்கத்தை வெறுமையாகவே விட்டிருக்கிறோம். யார் வந்தாலும் மகளின் கட்டிலில்தான் உட்கார வைக்கிறேன். இப்போது எனக்குக் கூச்சமாக இல்லை.