ஒண்ணே முக்கால் அக்காவின் அளவு

அந்த நிறுவனத்தில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஒண்ணே முக்கால் அக்கா என்றால்தான் வாசல் காவலாளிக்கே ஆள் யாரென்று தெரியும். சர்வர்களை அடுக்கும் இரும்பு அலமாரிகளின் உயரத்தை அடியிலோ மீட்டரிலோ சொல்ல மாட்டார்கள், யூ என்பார்கள். ஒரு யூ ஒன்றே முக்கால் அங்குலம். நாற்பத்திரண்டு யூ அலமாரிக்குள் எழுபத்து மூன்றரை அங்குல உயரத்துக்கு அடுக்கலாம். மற்றவர்கள் கைபேசியை எடுத்துத் தட்டுவதற்குள் அக்கா வாயாலேயே சொல்லிவிடுவாள். போகப் போக எதைப் பார்த்தாலும் அவளுக்கு அந்தக் கணக்குதான். புது மேலாளர் வேலைக்கு வந்த அன்று, "நல்ல உயரந்தான், முப்பத்தொம்பது யூ வருவாரு" என்றாள். அந்த மனிதர் கதவைச் சாத்திக்கொண்டு தன்னை அளந்து பார்த்ததாகக் கேள்வி.

அக்காவுக்கு வேலை, சர்வர் அறைகளை அளப்பது. எத்தனை அலமாரி, எந்த அளவு, எங்கே நிற்க வேண்டும் என்று அவள் சொன்னால் அது வரும். அகலத்தில் தகராறே கிடையாது. எவர் செய்த சர்வரானாலும் முன்முகம் பத்தொன்பது அங்குலம், எந்த அலமாரியிலும் திருகி மாட்டலாம். ஆளைக் கவிழ்ப்பது ஆழம்தான். ஆயிரம் மில்லிமீட்டர் ஆழத்திலும் அலமாரி உண்டு, ஆயிரத்து இருநூறிலும் உண்டு. முன்னால் நின்று பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நீளமான சர்வரைச் சின்னதில் தள்ளினால் முன்பக்கம் அழகாக உட்காரும்; பின்னால் கேபிள்கள் பிதுங்கிக்கொண்டு நிற்கும், கதவு சாத்தாது. இருபத்திரண்டு வருடத்தில் அக்கா அளந்த அறையில் ஒரு கதவுகூட சாத்தாமல் போனதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. இருக்கட்டுமே, சம்பாதித்த திமிர்.

அவளுடைய கையெழுத்து மட்டும் கோழி கிளறியதுபோல் இருக்கும். அதனால் அளவுகளை மஞ்சள் ஒட்டுநாடாத் துண்டில் கிறுக்கி, சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வருவாள். அதைப் பார்த்து அவள் சொல்லச் சொல்ல, கொள்முதல் பிரிவில் இருக்கும் அவள் தங்கை அளவுத்தாளில் தட்டச்சு செய்வாள். துண்டைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டு, தங்கை நீட்டிய இடத்தில் அக்கா கையெழுத்து போடுவாள். படித்துப் பார்க்க மாட்டாள். கூடப் பிறந்தவள் தட்டச்சு செய்ததை யார் படிப்பார்கள்? அந்த வேலையை மேலாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக் கொடுத்தவளே அக்காதான்.

அந்த வருடம் அளவைப் பிரிவுக்கு ஒரு தலைமைப் பதவி போடுவதாகப் பேச்சு வந்தது. வேறு யாருக்குக் கொடுப்பார்கள்? அக்கா வெளியே காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் புதிதாக இரண்டு சட்டை தைத்துக்கொண்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு மருத்துவமனையின் பதிவறைக்குச் சர்வர் வைக்கும் வேலை வந்தது. பன்னிரண்டு அலமாரி. அக்கா போய் அளந்தாள், துண்டில் கிறுக்கினாள், வந்து சொன்னாள், கையெழுத்து போட்டாள். அலமாரிகளை நிறுத்தும் நாளில் தங்கை ஏதோ அவசரம் என்று சொல்லி அவளை வேறொரு அறையை அளக்க அனுப்பிவிட்டாள். சாயங்காலம் திரும்பியபோது மேலாளர் அவளுக்காகக் காத்திருந்தார்.

"பன்னெண்டு அலமாரி, ஒண்ணோட பின்கதவும் சாத்தலம்மா. சர்வர் நீளமே முப்பத்தாறு அங்குலம், பின்னால கேபிள் வேற. நீங்க ஆயிரம் ஆழம் போதும்னு எழுதியிருக்கீங்க."

"நான் ஆயிரத்து இருநூறுன்னுதான சார் சொன்னேன்."

மேலாளர் தாளை நீட்டினார். ஆழம் ஆயிரம் என்று இருந்தது. கீழே கோழி கிளறியது. அவள் கையெழுத்துதான், சந்தேகமே இல்லை.

அக்கா தங்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ ஆயிரம்னுதான்க்கா சொன்ன" என்றாள் தங்கை. குரல் அவ்வளவு இதமாக இருந்தது. "அந்த வாரம் அஞ்சு ரூம் அளந்திருக்க. யாருக்கா இருந்தாலும் தடுமாறும். வயசாகுதுல்ல."

ஆயிரத்து இருநூறு என்று சொன்னது அக்காவுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் தாளும் தங்கையும் ஒரே பேச்சாகப் பேசும்போது, பாழாய்ப் போன நினைவை மட்டும் எப்படி நம்புவது?

மருத்துவமனைப் பக்கம் போகவே வேண்டாம் என்று தங்கை சொன்னாள். "பதிவறை அதிகாரி கடுப்புல இருக்காரு. நீ போய் பேச்சு வாங்காத. நான் பாத்துக்கறேன்." நோயாளிகளின் விவரம் இருக்கும் அலமாரி, பூட்டாமல் விட முடியாது. எல்லாவற்றையும் கழற்றி மாற்ற வேண்டியிருந்தது. மறு வாரம் தலைமைப் பதவி தங்கைக்குப் போயிற்று. அளவில் கவனம் உள்ளவர் வேண்டும், எல்லா அளவுத்தாளும் அவள் கை வழியாகத்தானே போகிறது என்றார் மேலாளர். அக்காதான் முதலில் கை தட்டினாள்.

அதற்குப் பிறகு வந்த இரண்டு வாரத்தைச் சொல்லவே எனக்குக் கோபமாக வருகிறது. அக்கா கண் மருத்துவரிடம் போனாள். கண்ணில் ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லியும் கேட்காமல், பேருக்கு ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டாள். வீட்டில் சமையலறை அலமாரியை அளந்தாள். சுவரில் எழுதினாள். மறுநாள் மறுபடி அளந்து, இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்தாள். ஒன்றாகத்தான் இருந்தது. அப்படியும் நிம்மதி வரவில்லை. "என்னம்மா, வீட்டுக்குள்ளயும் சர்வர் வைக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்ததும் கணவர் வந்து அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் மனசு கேட்காமல், யாரிடமும் சொல்லாமல், பதிவறை அதிகாரியை நேரில் பார்த்து மன்னிப்புக் கேட்கலாம் என்று கிளம்பினாள். அங்கே பெரிய அலமாரிகள் இன்னும் வந்து சேரவில்லை. பழைய பன்னிரண்டும் பின்கதவு இல்லாமல் அப்படியே நின்றன. அதிகாரி ஒன்றும் கடுப்பில் இல்லை. "உங்களை வரச் சொல்லி ரெண்டு தடவை கேட்டேனேம்மா. உடம்பு சரியில்லைன்னு உங்க தங்கச்சி சொன்னாங்க. இந்தத் துளையெல்லாம் என்னன்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்" என்று அலமாரிகளின் பின்பக்கம் அழைத்துப் போனார்.

அது அடியில் கேபிள் ஓட இடம் விட்டு, மேலே பலகைகளைப் பொருத்திய தரை. ஒவ்வொரு பலகையும் அறுநூறுக்கு அறுநூறு மில்லிமீட்டர். கேபிள் மேலே வருவதற்கு அதில் துளை வெட்டுவார்கள். துளை அலமாரியின் வயிற்றுக்குள், பின்கதவை ஒட்டினாற்போல் வர வேண்டும். இங்கே பன்னிரண்டு துளையும் அலமாரிக்கு வெளியே, ஒரு சாண் தள்ளி, நடக்கிற வழியில் வாயைப் பிளந்துகொண்டு இருந்தன. தரைக்காரர் தப்பாக வெட்டிவிட்டார் என்று பொருத்த வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்களாம்.

அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டு உட்கார்ந்தாள். அலமாரியின் முன்பக்கம் முதல் பலகையின் விளிம்பில் தொடங்கியது. துளை இரண்டாம் பலகையின் கடைசியில். இரண்டு பலகை ஆயிரத்து இருநூறு. ஒவ்வொரு துளையின் ஓரத்திலும் அவள் போட்ட சுண்ணக்கட்டிக் கோடு பாதி அழிந்து, மீதி இருந்தது. இதே இடத்தில் இதேபோல் முழங்காலில் உட்கார்ந்து, "இங்க வெட்டுங்க, ரெண்டாவது பலகை முடியற இடத்துல" என்று தரைக்காரரிடம் அவளே சொல்லியிருக்கிறாள். ஆயிரம் ஆழத்துக்கு எவளாவது அங்கே கோடு போடுவாளா?

அவள் கண் பிசகவில்லை. வாயும் பிசகவில்லை. பிசகியது எது என்று இப்போது புரிந்தது. அதிகாரி கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

அங்கிருந்து நேராகத் தங்கை வீட்டுக்குப் போனாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "துளையைப் பாத்துட்டு வரேன்டி" என்றாள்.

தங்கை மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். போன வருடம் அவள் தப்பாக வரவழைத்த ஆயிரம் ஆழ அலமாரிகள் பன்னிரண்டு கிடங்கில் கிடந்தன. மேலாளர் கிடங்கைப் பார்க்க வரப்போவதாகச் சொல்லியிருந்தார். இந்த வேலையும் பன்னிரண்டு; தாளில் ஆயிரம் என்று தட்டிவிட்டு அவற்றையே அனுப்பிவிட்டாள். "அகலம் எல்லாத்துக்கும் ஒண்ணுதானே, ஆழம் கொஞ்சம் கம்மியானா இடிச்சுப் புடிச்சு ஒக்காந்துரும்னு நெனச்சேன்க்கா. கிடங்குல பாத்து நான் மாட்டியிருந்தா என் வேலையே போயிருக்கும். உனக்குன்னா ஒரு தப்புதான, பெருசா எடுத்துக்க மாட்டாங்கன்னு..."

"பதவியையும் வாங்கிக்கிட்டியே."

"அவங்களா குடுத்தாங்க. வேணாம்னு சொன்னா சந்தேகம் வரும்ல."

"எங்கிட்ட கேட்டிருந்தா நானே என் மேல போட்டுட்டிருப்பேன்டி" என்றாள் அக்கா. "உன் அக்காதானே. நீ கேக்கல. அது போகட்டும். வயசாகுதுன்னு சொன்னியே, தலையைத் தடவிக் குடுக்கற மாதிரி. இத்தனை நாள் எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சு செத்துட்டிருந்தேன். அதைப் பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தியே, அது எப்படிடி முடிஞ்சுது உன்னால?"

தங்கை அழுதாள். அந்த அழுகையை அக்காவால் அன்றைக்கு நம்ப முடியவில்லை.

மறுநாள் அக்கா மேலாளரை மருத்துவமனைக்கு அழைத்துப் போய் அந்தத் துளையின் பக்கத்தில் நிறுத்தினாள். தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "எண்ணிப் பாருங்க சார்" என்று பலகைகளை மட்டும் காட்டினாள். முப்பத்தொன்பது யூ மனிதருக்குக் கணக்கு தெரியும். அந்த வாரமே தங்கை வேறு வேலை தேடிப் போனாள். அளவைப் பிரிவின் தலைமைப் பதவி அக்காவுக்கு வந்தது. மேலாளர் எல்லார் முன்னிலையிலும் மன்னிப்பும் கேட்டார்.

அடுத்த மாதம் ஒரு புது அறை. அதே தரைக்காரர் பலகைகளோடு காத்திருந்தார். அக்கா அளவு நாடாவை விரித்து ஆழத்தை அளந்தாள். ஆயிரத்து இருநூறு. துண்டில் எழுதினாள். மறுபடி அளந்தாள்.

"என்னக்கா இது. நீங்க ஒரு தடவைக்கு மேல அளந்து நான் பாத்ததே இல்லையே" என்றார் தரைக்காரர்.

அக்கா சிரித்து மழுப்பினாள். சட்டைப் பையிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மூன்றாவது தடவையாக நாடாவை விரித்தாள்.